சோதனை முயற்சித் திரைப்படங்கள்: வாசகர் கேள்வி பதில்

கே: மைக்கேல் ஸ்னோவின் 'வேவ்லெங்த்' (1967) படத்தைப் போனில் பார்த்தேன். ஒரே அறை, 45 நிமிடம். பாதியில் தூங்கிவிட்டேன். எனக்கு ரசனை போதாதா?

ப: போன்தான் காரணம். இந்தப் படத்தைச் சத்தம்தான் இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் தெரு இரைச்சல். பிறகு ஒற்றை ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ் என்ற அடித்தொனியில் தொடங்கி 12,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுத்தொனி வரை ஏறும். போனின் குட்டி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. ஏற்றத்தின் அடிப்பகுதியே போய்விட்டால் மிஞ்சுவது சும்மா ஓர் அறை. தூக்கம் வராமல் என்ன செய்யும்? காதை மூடும் ஹெட்போன் போடுங்கள். ஆனால் தொடக்கத்தில் மெல்லக் கேட்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், கடைசியில் காதைக் குத்தும். வேகமாக ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். நடுவில் ஒருவன் உள்ளே வந்து தரையில் விழுகிறான். படம் முழுக்க எதிர்ச் சுவரை மெல்ல மெல்ல நெருங்கிக்கொண்டே போகும் காமிராவின் ஜூம், அவனுக்காக நிற்காமல் தாண்டிப் போகிறது. அத்தனை நேரம் காத்திருந்தவருக்குத்தான் அந்தக் கணம் உறைக்கும். ஜன்னல்களுக்கு நடுவே சுவரில் சின்னதாக ஒரு புகைப்படம் இருக்கும். அது என்னவென்று எந்த நிமிடத்தில் புரிகிறது என்று பாருங்கள்.

கே: ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்' (1963) இணையத்தில் ஒரே கலங்கலாக ஓடியது. சத்தமும் வரவில்லை.

ப: அது மௌனப் படம், பாட்டு எதுவும் சேர்க்காதீர்கள். காமிராவே இல்லாமல், விட்டில் இறகு, இலை, புல் ஆகியவற்றை ஒளி ஊடுருவும் டேப்புகளுக்கு நடுவே ஒட்டி, 16 எம்.எம். பிலிமில் அச்செடுத்தது. ஒரு சட்டகத்தைப் (ஃப்ரேம்) போல் இன்னொன்று இருக்காது. இணைய வீடியோவோ, அடுத்த சட்டகம் முந்தையதைப் போலத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு அளவைச் சுருக்குகிறது. அந்தக் கணக்கு இங்கே தப்பிப்போவதால்தான் கட்டம் கட்டமாக உடைகிறது. ப்ளூ-ரே கிடைத்தால் அதில் பாருங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாத சட்டகங்களை அது நடுவில் செருகும். நான்கு நிமிடப் படம்தான். முதலில் முழுசாக ஓடவிட்டு, அடுத்த முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், இறகின் நரம்பு தெரியும்.

கே: டோனி கான்ராடின் 'தி ஃப்ளிக்கர்' (1966) பார்க்கலாமா? தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது.

ப: தம்பி பார்க்கவே கூடாது. வெறும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி மின்னும் அந்தப் படம் தொடங்குவதே வலிப்பு எச்சரிக்கையோடுதான். அவர் இருக்கும் அறையில் நீங்களும் போட வேண்டாம். இப்படி மின்னும் காட்சி வேறெங்காவது திடீரென்று வந்தால், கண்களை மூடுவது போதாது, ஒளி இமை வழியே புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.