நாற்பது கணக்கு, ஒரே கட்டளை

கேள்வி: எங்கள் துணைப்பாட நிலையத்தில் நாற்பது மாணவர்களுக்கு லினக்ஸ் கணக்கு உண்டு. தவணைதோறும் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக மாற்றி அலுத்துவிட்டது. வேறு வழி உண்டா?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: உண்டு அக்கா, ‘சிஎச்பாஸ்டபிள்யூடி’ (chpasswd) கட்டளை. ஒரு கோப்பில் வரிக்கு ஒருவராகப் பயனர்பெயர், முக்காற்புள்ளி (:), புதிய கடவுச்சொல் என இடைவெளியின்றி எழுதி, ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு கட்டளைக்கு ஊட்டுங்கள். நொடியில் முடிந்துவிடும்.

பட்டியல் விண்டோஸ் கணினியில் தயாரானதா? வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்று கடவுச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்; பிள்ளைகள் சரியாகத் தட்டினாலும் கதவு திறக்காது. முதலில் அதை நீக்குங்கள். வேலை முடிந்ததும் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

அப்புறம், அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் இங்கே நிறைய. வேண்டவே வேண்டாம்! 2025-இல் அரசாங்கமே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.