இரண்டு டிக்கெட், நடுவில் ஒரு நாடு: கேள்வி பதில்

(2021 செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதியது. இதில் உள்ள கொரோனா காலப் பயண விதிகளெல்லாம் அப்போது இருந்தவை)

மார்த்தாண்டத்தில் 18 வருடமாக வெளிநாட்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கொரோனா வந்த இந்த ஒன்றரை வருடம் மாதிரி ஒரு காலத்தைப் பார்த்ததில்லை. வழக்கமான சர்வதேச விமானங்கள் செப்டம்பர் 30 வரை கிடையாது. ஏர் பபிள் ஒப்பந்தம், அதாவது இரண்டு நாடுகள் தங்களுக்குள் விமானம் விட்டுக்கொள்ளச் செய்த தனி ஏற்பாடு, உள்ள நாடுகளுக்கு மட்டும்தான் விமானம். அதனால் நம் பிள்ளைகள் ஒரு விமானக் கம்பெனியில் பாதி வழிக்கும், இன்னொரு கம்பெனியில் மீதி வழிக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள். வந்த கேள்விகளெல்லாம் இதைப் பற்றித்தான்.

நாகர்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, திருவனந்தபுரம்–துபாய் ஒரு கம்பெனி, துபாய்–மான்செஸ்டர் வேற கம்பெனி. தனித்தனியா எடுத்தா 22 ஆயிரம் மிச்சம். நடுவுல 5 மணி நேரம் இருக்கு. போதாதா?

தம்பி, 5 மணி நேரம் இருக்கட்டும். முதலில் திருவனந்தபுரத்தில் உங்களை ஏற்றுவார்களா என்று பார்க்கணும். உங்கள் கையில் இரண்டு டிக்கெட் இருந்தாலும் முதல் கம்பெனியின் கம்ப்யூட்டரில் உங்கள் பயணம் துபாயோடு முடிந்துவிடும். துபாயில் இறங்குகிற ஆள் என்றுதான் கவுண்டரில் எடுத்துக்கொள்வார்கள். விசா எங்கே, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் (கொரோனா டெஸ்ட்) எங்கே, ஏர்போர்ட்டிலேயே எடுக்கிற ராபிட் பிசிஆர் எங்கே என்று கேட்பார்கள். ஆகஸ்ட் 5 முதல் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அமீரகம் டிரான்சிட், அதாவது நாட்டுக்குள் நுழையாமல் ஏர்போர்ட்டிலேயே விமானம் மாறுவதை, அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் டிரான்சிட் பயணி என்பதை அந்த கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் அது உங்களுக்கு உதவும். அனுமதியில்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவருகிற செலவும் அபராதமும் கம்பெனி தலையில் விழும். அதனால் சந்தேகம் வந்தால் இறக்கிவிடத்தான் பார்ப்பார்கள்.

போன மாதம் என் கண் முன்னால் நடந்தது. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன், பிளாஸ்டிக் ஃபைலில் இரண்டு டிக்கெட்டையும் கலர் பிரிண்ட் எடுத்து அடுக்கி வைத்திருந்தான். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார், எந்த நாட்டுக்கு என்ன பேப்பர் வேணும் என்று காட்டுகிற டைமாடிக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்தார், மேலதிகாரிக்கு போன் போட்டார். 40 நிமிஷம். கடைசியில் பெல்ட்டில் ஏறின பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள். நைலான் கயிறு கட்டின பெட்டி, மேலே அவன் அம்மா எழுதின பெயர். இரண்டாவது விமானத்தில் அவனுக்கு ‘நோ ஷோ’, அதாவது வராத பயணி என்று கணக்கு. வரிப் பணம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். அவன் முகம் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டி விஷயமும் இதேதான். பயணியையும் பெட்டியையும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற இன்டர்லைன் ஒப்பந்தம் இரண்டு கம்பெனிக்கும் இல்லையென்றால் பெட்டி துபாய் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்க இமிக்ரேஷனைத் தாண்டணும், தாண்ட விசா வேணும்.

டிக்கெட் எடுக்கும் முன்பே முதல் கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள். இரண்டு டிக்கெட் இருந்தால் டிரான்சிட்டாக ஏற்றுவீர்களா, பெட்டியைக் கடைசி ஊர் வரை டேக் பண்ணுவீர்களா, இரண்டையும் கேளுங்கள். ‘ஆம்’ என்று எழுத்தில் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள். வரவில்லையென்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், அந்த 22 ஆயிரத்தை மறந்துவிடுங்கள்.

குளச்சலிலிருந்து: சவுதி இக்காமா (அங்க தங்குற அனுமதி) இருக்கு. தடுப்பூசி ஒரு டோஸ் அங்க, ஒரு டோஸ் ஊர்ல போட்டேன். நேரா போலாமா, மாலத்தீவு வழியா போணுமா?

ஆகஸ்ட் 24 அறிவிப்புப்படி இரண்டு டோஸையும் சவுதியிலேயே போட்டவர்கள்தான் நேராகப் போக முடியும். உங்களுக்கு, சவுதி தடை போடாத வேறொரு நாட்டில் 14 நாள் தங்கிப் போகிற வழிதான். மாலத்தீவுக்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர், தங்குகிற நாள் முழுக்க ரூம் புக்கிங், திரும்புகிற அல்லது மேலே போகிற டிக்கெட், கிளம்பும் முன் 24 மணி நேரத்துக்குள் இமுகா என்கிற மாலத்தீவு அரசின் ஆன்லைன் படிவம், இவ்வளவும் வேணும். விசா அங்கேயே இலவசமாகத் தருவார்கள்.

இந்தப் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட்தான் சரி, நடுவில் இரண்டு வாரம் இருக்கிறதே. ஆனால் இரண்டாவது டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் எடுக்கிற பிசிஆர் பாசிட்டிவ் ஆனால் இன்னும் இரண்டு வாரம் அங்கேதான் கிடக்கணும். அந்த ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தனியாக இருக்கட்டும். கடன் வாங்கி, கடைசி ரூபாய் வரை டிக்கெட்டில் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். 14 நாளை முழு நாளாக எண்ணி, 16வது நாளுக்கு டிக்கெட் போட்டால் நிம்மதி. சவுதிக்குத் திரும்ப நுழைகிற ரீ-என்ட்ரி விசாவின் கடைசித் தேதியை, அப்ஷர் என்கிற சவுதி அரசின் ஆன்லைன் சேவையில் இன்றைக்கே பாருங்கள்.

குழித்துறையிலிருந்து: மகன் கனடாவுக்குப் படிக்கப் போறான். இங்க எடுத்த டெஸ்ட் செல்லாதுன்னு சொல்றாங்களே?

செல்லாது, அக்கா. ஏப்ரல் 22 முதல் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானம் கிடையாது, தடையை செப்டம்பர் 21 வரை நீட்டியிருக்கிறார்கள். சுற்றிப் போகிறவர்கள் கடைசியாக விமானம் ஏறுகிற மூன்றாவது நாட்டில், கிளம்ப 72 மணி நேரத்துக்குள் டெஸ்ட் எடுக்கணும். ஒரே டிக்கெட்டானாலும் இதே விதிதான். ரிசல்ட் வரும்வரை அந்த நாட்டில் தங்க அனுமதி வேணும். மாலே, பெல்கிரேடு, மெக்சிகோ சிட்டி என்று பிள்ளைகள் போவது அதனால்தான். 19 வயசுப் பையனை இந்த அலைச்சலில் விடுவதை விட, தாமதமாக வந்து சேரலாமா என்று கல்லூரியிடம் கேட்பது நல்லது. முதல் மாதத்தை ஆன்லைனில் படிக்க விட்டால் 21ஆம் தேதி வரை பொறுத்திருங்கள்.

தக்கலையிலிருந்து: மனைவி லண்டனில் நர்ஸ். டெல்லி வந்து, தனி டிக்கெட்டில் திருவனந்தபுரம் வருகிறார். நடுவில் 4 மணி நேரம்.

போதவே போதாது. பிரிட்டனிலிருந்து வருகிறவர்களுக்கு டெல்லியில் இறங்கியதும் டெஸ்ட். நெகட்டிவ் என்று ரிசல்ட் வந்தபிறகுதான் அடுத்த விமானம். அதற்கே 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள் என்று அரசே சொல்கிறது. அடுத்த நாள் காலை விமானத்துக்கு மாற்றுங்கள். தனி டிக்கெட் என்பதால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் விடுவார்கள். லண்டனிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்தால் மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்டணும். ஆகஸ்ட் 18 முதல் ஏர் இந்தியா லண்டன்–கொச்சி நேரடி விமானம் விடுகிறது, அதையும் பாருங்கள். கிளம்பும் முன், இந்தியா வருகிறவர்கள் ஆன்லைனில் நிரப்புகிற ஏர் சுவிதா படிவத்தில் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆரை ஏற்றணும்.

இன்னொன்று: திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வரும்போது கேரள–தமிழ்நாடு எல்லையான களியக்காவிளையில் நிறுத்துவார்கள். ஆகஸ்ட் 5 முதல் பிசிஆர் அல்லது இரண்டு டோஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். டெல்லியில் எடுத்த ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே போனில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இரணியலிலிருந்து: சென்னை–திருவனந்தபுரம் உள்நாட்டு விமானம், அங்கிருந்து மஸ்கட். நடுவில் 3 மணி நேரம்?

உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம், சர்வதேச டெர்மினல் சாக்கை பக்கம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து டாக்சியில் சுற்றிப் போகணும். சர்வதேச கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், இப்போது பேப்பர் சரிபார்க்கிற வரிசையும் நீளம். இரணியலில் இருக்கிற நீங்கள் சென்னைக்குப் போய்விட்டு வருவது அவசரக் காரியமாக இருந்தாலும், முந்தின நாளே ஊர் திரும்பி வீட்டிலிருந்து காரில் கிளம்புங்கள்.