அனோடேட் செய்யச் சொன்னால் நோட்ஸ் எடுத்தால் போதுமா?

தம்பி, டொராண்டோ வந்து மூன்றாவது வாரம் என்கிறீர்கள். "இந்தக் கட்டுரையை அனோடேட் செய்துகொண்டு வகுப்புக்கு வாருங்கள் என்று பேராசிரியர் சொல்கிறார். அகராதியில் 'குறிப்பு எழுது' என்று இருக்கிறது. நோட்டில் நோட்ஸ் எடுத்துக்கொண்டு போனால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அகராதி சொல்வது தப்பில்லை, பாதிதான் சொல்கிறது.

நோட்ஸ் எடுத்தால், கட்டுரையை மூடி வைத்துவிட்டு நோட்டை மட்டும் படித்துக்கொள்ளலாம். அனோடேட் செய்த குறிப்பு அப்படியில்லை. அது கட்டுரையின் மேலேயே, அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பிய்த்து எடுத்தால் 'இது ஏன்?' என்று ஒரு கேள்வி மட்டும் அநாதையாக நிற்கும்.

நான் படிக்க வந்த வருடம் எனக்கும் இதே குழப்பம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறை. டாலர் கடையில் வாங்கிய மஞ்சள் ஹைலைட்டர். ஊரில் பரீட்சைக்கு முக்கியமான வரியில் கோடு போட்ட பழக்கத்தில், பதினான்கு பக்கக் கட்டுரையை மஞ்சள் குளிப்பாட்டினேன். எனக்கு எல்லா வரியும் முக்கியமாகத்தான் பட்டது. பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கலர் நன்றாக இருக்கிறது. இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். காது சூடாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். கட்டுரையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: '1998-இல் ஸ்கார்பரோ டொராண்டோ மாநகரோடு இணைக்கப்பட்டதால் அங்கே பேருந்து வசதி பெருகியது.' இணைப்பு நடந்தது உண்மை. மீதி வரி நான் கட்டியது. அதற்கு மஞ்சள் பூசினால் அனோடேட் ஆகாது. ஓரத்தில் 'ஸ்கார்பரோ இணைப்பு பற்றிச் சொல்கிறார்' என்று எழுதினாலும் ஆகாது, அதை வரியே சொல்லிவிட்டதே. 'இணைந்ததாலா, இணைந்த பிறகா? எத்தனை பேருந்து கூடியது, கணக்கு எங்கே? 4-ஆம் பக்கத்தில் பணம் இல்லை என்றாரே, இடிக்கிறதே?' என்று எழுதுங்கள். இதைத்தான் கேட்கிறார்கள். ஆசிரியரோடு ஒத்துப்போகலாம், சண்டை போடலாம், தெரியாத சொல்லுக்குப் பொருள் எழுதலாம், முந்தின வாரம் படித்ததோடு முடிச்சுப் போடலாம். பக்கத்துக்கு நாலைந்து குறிப்பு தாராளம்.

நமக்கு இது புதிதும் இல்லை. உ.வே.சா. பதிப்புகளைப் புரட்டியிருந்தால் தெரியும்: மேலே பாட்டு, கீழே பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள்), இதே கருத்து வேறு எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பு. குறிப்புரை என்று நாம் சொல்வதுதான் அனோடேஷன். பள்ளிக்கூடத்தில் நமக்குப் பொழிப்புரையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அங்கேதான் வினை.

அப்புறம் இலக்கணம். அனோடேட் என்ற வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் நீங்கள் படிக்கும் கட்டுரை, குறிப்பு அல்ல. 'ஐ அனோடேட்டட் தி ஆர்ட்டிக்கிள்' சரி. 'ஐ அனோடேட்டட் தி மெயின் பாயின்ட்ஸ் இன் மை நோட்புக்' தப்பு, அதற்கு 'நோட்டட் டவுன்' போதும். உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். நம் ஆட்கள் 'னோ'வை இழுப்போம், இங்கே புரிந்துகொள்வார்கள். இன்னொன்று, இது படிப்பறைச் சொல். அலுவலகத்தில் அவ்வளவாகக் காதில் விழாது. 'மார்க் அப் பண்ணு', 'கமென்ட் போடு' என்பார்கள்.

அடுத்த மாதம் 'அனோடேட்டட் பிப்ளியோகிராஃபி' என்று ஒன்று கேட்பார்கள், தயாராக இருங்கள். நூற்பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு நூலின் விவரத்துக்குக் கீழேயும் ஒரு பத்தி, பெரும்பாலும் 100 முதல் 200 சொற்கள். நூல் என்ன சொல்கிறது, எவ்வளவு நம்பலாம், உங்கள் ஆய்வுக்கு எதற்கு உதவும் என்று எழுத வேண்டும். கட்டுரையின் தலையில் இருக்கும் சுருக்கத்தை வெட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சுருக்கம் கட்டுரை எழுதியவருடையது, மதிப்பெண் உங்கள் தீர்ப்புக்கு. போதாததற்கு, அது காப்பியடித்த கணக்கிலும் போய்ச் சேரும்.

பகுதி நேர வேலை தேடும்போது 'டேட்டா அனோடேட்டர்' என்று விளம்பரம் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். அது கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. உதாரணத்துக்கு, படத்தில் எது கார், எது ஆள் என்று கட்டம் போட்டுப் பெயர் சூட்ட வேண்டும். அந்த மாதிரி வேலையில் உங்கள் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போதைக்கு அந்தக் கட்டுரையை அச்செடுத்து பென்சிலோடு உட்காருங்கள். பேனா வேண்டாம், இரண்டாம் முறை படிக்கும்போது முதலில் எழுதியதில் பாதியை அழிக்கத் தோன்றும். நூலகப் புத்தகம் என்றால் பென்சிலும் கூடாது, ஒட்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.