பாயின்டரில் உள்ள எண் யார் வீட்டு முகவரி?

நினைவக முகவரிகள் பற்றிச் சில வாரங்களாக வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிரல் பார்க்கும் மெய்நிகர் முகவரியை நினைவகச் சில்லில் உள்ள நிஜ முகவரியாக மாற்றுவது ஏதோ கணக்குச் சூத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சூத்திரம் இல்லை, அட்டவணையைப் பார்த்துச் சொல்லும் வேலை. யாருடைய அட்டவணை, எப்போது பார்த்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். கேட்டவர்கள் எல்லாருமே லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் என்பதால், வேறாகச் சொல்லாத இடங்களில் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினியில் ஓடும் லினக்ஸை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நிரல் தன்னையே நகலெடுக்கும் ஃபோர்க் செய்தபிறகு தாய் நிரலும் பிள்ளை நிரலும் ஒரு மாறியின் முகவரியை அச்சிடுகின்றன. இரண்டிலும் அதே எண். ஆனால் பிள்ளை மதிப்பை மாற்றினால் தாயில் மாறவில்லை. ஒரே முகவரியில் எப்படி இரண்டு மதிப்பு இருக்க முடியும்?
(பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, தெம்பனிஸ்)

"ஐந்தாம் மாடி, 21ஆம் எண் வீடு" என்று மட்டும் எழுதி ஒரு பார்சலை அனுப்பினால் கொண்டுபோகிறவர் எந்த புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) ஏறுவார்? தெம்பனிஸில் எத்தனை புளோக்குகளில் அப்படி ஒரு வீடு இருக்கும்! பாயின்டரில், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறியில், நீங்கள் பார்க்கும் எண்ணும் அப்படித்தான். புளோக் எது என்பதை செயலியின் சிஆர்3 என்ற பதிவகம் சொல்கிறது. இப்போது ஓடும் நிரலின் பக்க அட்டவணை (நினைவகத்தின் சம அளவுத் துண்டான ஒவ்வொரு 'பக்கமும்' நிஜத்தில் எங்கே என்று சொல்வது) எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்கும். ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் சிஆர்3ஐ மாற்றிவிடுகிறது.

உங்கள் சோதனையில் இன்னொரு அழகும் இருக்கிறது. ஃபோர்க் முடிந்த கணத்தில் இரண்டு அட்டவணைகளும் அதே நிஜப் பக்கத்தைத்தான் காட்டுகின்றன, எழுதும் அனுமதி மட்டும் நீக்கப்பட்டிருக்கும். பிள்ளை எழுத முயன்றதும் செயலி கெர்னலைக் கூப்பிடுகிறது. கெர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, பிள்ளையின் அட்டவணையை நகலுக்குத் திருப்பிவிடுகிறது. ஆக, எழுதுவதற்கு முன் அது உண்மையிலேயே ஒரே இடம், எழுதியபின் இரண்டு இடம். நீங்கள் அச்சிட்ட எண்ணில் அந்த மாற்றம் தெரியவே தெரியாது.

கேள்வி: தேர்வில் ஒரு முகவரியைக் கொடுத்து "கையால் மாற்றிக் காட்டு" என்கிறார்கள். நான்கு நிலை அட்டவணை தலை சுற்றுகிறது. எளிமையாக விளக்க முடியுமா?
(பல்கலைக்கழக மாணவர், புக்கிட் பாத்தோக்)

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மையத்தின் அஞ்சல் குறியீடு 310480. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்கின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் கட்டட எண், அதாவது தோ பாயோ லோரோங் 6, எண் 480. பெரும்பாலான வீவக புளோக்குகளுக்கும் இதே வழக்கம்தான். பார்ப்பதற்கு ஒரே எண், உள்ளே துண்டுதுண்டாகப் பொருள். மெய்நிகர் முகவரியையும் இப்படித்தான் வெட்ட வேண்டும்.

48 பிட் முகவரியில் கடைசி 12 பிட்டைத் தனியே எடுத்து வையுங்கள். அது 4096 பைட் பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்பது. அதற்கு மாற்றமே கிடையாது, அப்படியே விடையில் ஒட்டிக்கொள்ளும். மீதி 36 பிட்டை ஒன்பது ஒன்பதாக நான்காக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிலை அட்டவணையில் வரிசை எண். 9 பிட்டில் 512 எண்கள் வரும். ஒரு பதிவுக்கு 8 பைட், ஆகவே ஓர் அட்டவணை 4096 பைட், சரியாக ஒரு பக்கம். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹெக்ஸில் 7654 3210 1234 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். கடைசி மூன்று ஹெக்ஸ் இலக்கங்களான 234தான் பக்கத்துக்குள் இருக்கும் இடம். மீதியை இருமத்தில் எழுதி வெட்டினால் தசமத்தில் 236, 336, 400, 257 என்று வரும். சிஆர்3 காட்டும் அட்டவணையில் 236ஆம் பதிவுக்குப் போனால் அடுத்த அட்டவணை எங்கே என்று தெரியும். அதில் 336, அதற்கடுத்ததில் 400, கடைசியில் 257. அங்கே பக்கச் சட்டக எண் (நிஜப் பக்கத்தின் வரிசை எண்) ஹெக்ஸில் 12345 என்று இருந்தால், 234ஐப் பின்னால் ஒட்டுங்கள்: 1234 5234. அதுதான் நிஜ முகவரி.

இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். ஒன்று, அட்டவணைகளுக்குள் இருப்பவை எல்லாம் நிஜ முகவரிகள். அவையும் மெய்நிகராக இருந்தால் அவற்றை மாற்ற இன்னோர் அட்டவணை வேண்டும், அதற்கு முடிவே இராது. இரண்டு, ஒவ்வொரு நிலையிலும் 'இருக்கிறது' என்ற பிட்டைப் பார்க்க வேண்டும். அது 0 என்றால் அங்கேயே நிறுத்தி 'பக்கப் பிழை' என்று எழுதுங்கள். மேற்கொண்டு கணக்குப் போடக் கூடாது.

ஒரு பைட் படிக்க நான்கு முறை நினைவகத்துக்கு ஓடுவதா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அதற்காகத்தான் சமீபத்திய விடைகளை டிஎல்பி என்ற சிறு நினைவில் செயலி வைத்துக்கொள்கிறது. அப்புறம், அட்டவணையைக் கெர்னல் மாற்றினால் டிஎல்பியில் இருக்கும் பழைய விடையையும் அழித்தாக வேண்டும், மற்ற கோர்களில் இருப்பதையும் சேர்த்து. ஐந்து நிலை, 57 பிட் முகவரியும் உண்டு. உங்கள் பாடத்திட்டத்துக்கு அது வேண்டாம்.

கேள்வி: இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்வது? மகனுக்கு விளக்கும்போது வார்த்தை கிடைக்கவில்லை.
(வாசகர், ஈசூன்)

மெய்நிகர் நினைவகம் என்பது நன்றாக நிலைத்துவிட்ட சொல். மற்றதை 'இயற்பியல் முகவரி' என்று பலர் எழுதுகிறார்கள். இயற்பியல் ஒரு பாடத்தின் பெயர், எனக்கு அது ஒப்பவில்லை. 'நிஜ முகவரி' என்றால் சிறுவர்களுக்கும் புரியும். ஆனால் மெய்நிகர் என்றால் பொய் என்று மகன் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் இந்த யோசனை முதலில் வந்தபோது, வேகமான சிறிய நினைவகமும் மெதுவான பெரிய டிரம்மும் நிரல் எழுதுபவருக்கு ஒரே கிடங்காகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கேள்வி: இயந்திரக் கேமரா கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதுகிறேன். 8 எம்பி பஃபரை (தரவுக்கான தற்காலிக நினைவிடம்) வீமலாக் என்ற கெர்னல் செயற்கூறில் வாங்கி, மெய்நிகர் முகவரிக்கு நிஜ முகவரி தரும் விர்ட்-டு-ஃபிஸ் போட்டு வந்த எண்ணைக் கார்டிடம் கொடுத்தேன். படம் வரவில்லை, சில சமயம் கணினியே உறைந்துவிடுகிறது. சின்ன பஃபரைக் கேமலாக் என்ற இன்னொரு செயற்கூறில் வாங்கினால் ஒழுங்காக ஓடுகிறது. ஏன்?
(பொறியாளர், ஜூரோங்)

முதலில், வேலை நடக்கும் இயந்திரத்தில் இதை ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் கார்டு யாருடைய நினைவகத்திலோ படத்தை எழுதிக்கொண்டிருக்கலாம்.

விர்ட்-டு-ஃபிஸ் எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை. ஒரு மாறாத எண்ணைக் கழிக்கிறது, அவ்வளவுதான். கெர்னல் தன் முகவரி வெளியில் ஒரு பெரிய பகுதியை ஒதுக்கி, நிஜ நினைவகம் முழுவதையும் வரிசை மாறாமல் அங்கே பதித்து வைத்திருக்கிறது. கேமலாக் தருவது அந்தப் பகுதியிலிருந்து. அதனால் கழித்தல் சரியாக வருகிறது. வீமலாக் அப்படி இல்லை. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்களைப் பொறுக்கி, அட்டவணை மூலம் தொடர்ச்சியாகத் தெரியும்படி தைத்துக் கொடுக்கிறது. உங்கள் 8 எம்பி என்பது 2048 பக்கங்கள். அந்த முகவரியில் கழித்தால் வருவது பொருளில்லாத ஓர் எண்.

"அப்படியானால் வீமலாக்-டு-பேஜ் வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன்" என்று அடுத்து எழுதுவீர்கள். அதுவும் போதாது. கார்டுகள் தரும் முகவரிகளை மாற்றும் ஐஓஎம்எம்யூ இயங்கும் கணினியில் கார்டுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. செயலிக்கு நிஜமான முகவரி கார்டுக்கு நிஜம் இல்லை. உங்களுக்குத் தேவை நிஜ முகவரியே அல்ல, கார்டு பயன்படுத்தக்கூடிய முகவரி. அதைத் தருவது, கார்டே நேரடியாக நினைவகத்தை அணுகும் டிஎம்ஏ முறைக்கான கெர்னல் செயற்கூறுகள் (டிஎம்ஏ ஏபிஐ) மட்டும்தான். கேமலாக் வழக்கமான அமைப்பில் 4 எம்பிக்கு மேல் தராது என்பதால் நீங்கள் வீமலாக் பக்கம் போயிருப்பீர்கள், அது புரிகிறது. டிஎம்ஏ-அலாக்-கொஹீரன்ட்டில் 8 எம்பி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கார்டு சிதறிய பட்டியலை ஏற்குமா என்று அதன் கையேட்டில் பார்த்து டிஎம்ஏ-மேப்-எஸ்ஜி பயன்படுத்துங்கள். கார்டு 32 பிட் முகவரி மட்டும் அறிந்ததா என்பதையும் பார்த்து, கார்டு எட்டக்கூடிய முகவரி அளவைச் சொல்லும் டிஎம்ஏ மாஸ்க்கைச் சரியாக அமையுங்கள்.

சோதனைக்கு, டீபக்-வெர்ச்சுவல் என்ற அமைப்பை இயக்கிக் கெர்னலைக் கட்டுங்கள். தப்பான முகவரியில் விர்ட்-டு-ஃபிஸ் போட்டால் உடனே கத்தும். ஐஓஎம்எம்யூவையும் இயக்கி வையுங்கள். கார்டு எல்லை மீறினால் அது தடுத்துவிடும், பதிவிலும் எழுதும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஸ்டாக்கில் (செயற்கூறின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடத்தில்) இருந்த 64 பைட் பஃபரை டிஎம்ஏவுக்குக் கொடுத்து வைத்திருந்தோம். ஆண்டுக்கணக்காக ஓடியது. லினக்ஸ் 4.9 முதல் இந்த வகைச் செயலிகளில் கெர்னல் ஸ்டாக்கையே வீமலாக் பகுதிக்கு மாற்றும் வசதி வந்தது. கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் அளவீடுகள் குப்பையாக வந்தன. இரண்டு வாரம் கேபிளை மாற்றினோம், கார்டை மாற்றினோம். தவறு எங்கள் நிரலில், முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

கேள்வி: லினக்ஸின் புராக் அடைவில், ஒரு நிரலின் பக்கங்கள் எந்தச் சட்டகத்தில் என்று சொல்லும் பேஜ்மேப் கோப்பைப் படித்தால் சட்டக எண் எப்போதும் 0. கோப்பு கெட்டுவிட்டதா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

கெடவில்லை. லினக்ஸ் 4.2 முதல் நிர்வாக அனுமதி இல்லாதவருக்கு அந்த எண்ணை மறைத்துவிடுகிறார்கள். நினைவகச் சில்லில் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பக்கத்து வரிசையில் பிட்கள் புரளும் ரோஹேமர் தாக்குதலுக்கு, நிஜத்தில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவது பெரிய உதவி. அதனால்தான். ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டுங்கள். மெய்நிகர் முகவரியின் பக்க எண்ணை எட்டால் பெருக்கி அந்த இடத்தில் 8 பைட் படியுங்கள். 63ஆம் பிட் 1 என்றால் கீழ் 55 பிட்கள் சட்டக எண். அந்தப் பிட் 0 என்றால், மலாக்கில் நினைவகம் கேட்டுவிட்டு இன்னும் தொடாத பக்கமாக இருக்கலாம், தொட்டால்தான் கெர்னல் இடம் தரும். படித்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தாதீர்கள். பக்கத்தை நினைவகத்தில் பூட்டும் எம்லாக் போட்டாலும் பக்கம் வட்டுக்குப் போகாதே தவிர, கெர்னல் அதை வேறு சட்டகத்துக்கு நகர்த்தலாம்.

கேள்வி: பக்க அளவு 4096 என்று எழுதி வைத்த என் நிரல் புது மேக்கில் தடுமாறுகிறது.
(வாசகர், சிராங்கூன்)

ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகளில் மேக் 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துகிறது, ஆகவே பக்கத்துக்குள் இருக்கும் இடத்துக்கு 14 பிட். ஆண்ட்ராய்டு 15உம் 16 கேபியை ஏற்கிறது. எண்ணை நிரலில் எழுதாமல் கெட்பேஜ்சைஸ் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை நினைவகத்தில் பதிக்கும் எம்மேப்புக்குக் கொடுக்கும் ஆஃப்செட்டை (கோப்பில் தொடங்கும் இடத்தை) முதலில் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.