பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

காரைக்குடி: டாக்டர், பூனைக்கு ஆறு மாசம். நாலு நாளா ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டுத் தரையில புரளுது. வயித்து வலியா? ஒரு தடவை குட்டி போட்ட பிறகுதான் ஆபரேஷன் பண்ணணும்னு எங்க ஆயா சொல்றாக.

வலியில்லம்மா, பருவத்துக்கு வந்திருக்கு. ஒரு தடவை குட்டி போட்டா உடம்புக்கு நல்லதுங்கிறதுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு வயசுக்குள்ள பண்ணிட்டா, பின்னாடி மடியில புற்றுக்கட்டி வர்ற ஆபத்து வெகுவாக் குறையும். பூனைக்கு இணை சேர்ந்தாத்தான் கருமுட்டை வெளியாகும். சேரலைன்னா ரெண்டு மூணு வாரத்துல மறுபடி கத்த ஆரம்பிச்சிடும். கதவைச் சாத்தி வைங்க. கத்தல் அடங்கினதும் கூட்டிட்டுப் போங்க.

கானாடுகாத்தான்: பக்கத்துல பூட்டிக் கிடக்கிற வீட்டு இரண்டாங்கட்டுல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. தாய்க்கு இப்பவே பண்ணலாமா?

குட்டிக தானா தின்னப் பழகட்டும், ரெண்டு மாசம் போதும். ஆனா அதுக்குள்ளயே மறுபடி சினையாகிடலாம், பால் கொடுக்கிறது தடுக்காது. வீட்டுக்காரவுக திருவிழாவுக்கு வந்து கதவைத் திறக்கிறப்போ ஒரு பூனைப் பட்டாளமே நிக்கும்.

கோட்டையூர்: பெட்டை நாய்க்கு எட்டு வயசு, ஆபரேஷன் பண்ணலை. ஒரு மாசத்துக்கு முன்னாடி தீட்டு வந்து நின்னுச்சு. இப்ப சோறு தொடமாட்டேங்குது, சட்டி சட்டியாத் தண்ணி குடிக்குது.

மத்ததையெல்லாம் போட்டுட்டு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கலாம். பருவம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துலதான் இது வழக்கமா வரும். கீழே சீழ் வடியலையேன்னு நிம்மதியா இருக்காதீங்க. கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டா சீழ் உள்ளேயே தேங்கும், அதுதான் இன்னும் மோசம். ஸ்கேன்ல தெரிஞ்சிடும். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்தாத்தான் உயிர் நிக்கும். சின்ன வயசுலயே கருத்தடை பண்ணச் சொல்றதுக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தேவகோட்டை: ஆண் ராஜபாளையம் வச்சிருக்கோம். காயடிச்சா காவல் காக்காதுன்னு பயமுறுத்துறாங்க.

காவல் புத்தி விதையில இல்லை தம்பி. பெட்டையைத் தேடி ஓடுறதும் கண்ட இடத்துல ஒண்ணுக்கடிக்கிறதும்தான் குறையும். பெரிய சாதி, எலும்பு வளர்ந்து முடியட்டும். ஒரு வயசு தாண்டட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு தீனியைக் கொஞ்சம் குறைங்க, இல்லாட்டி ஊதிடும்.

பள்ளத்தூர்: ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் என்ன கவனிக்கணும்?

மயக்கம் தெளியுற வரைக்கும் உடம்புச் சூடு குறைஞ்சிருக்கும். ஆத்தங்குடிக் கல்லு ஜில்லுன்னு இருக்கும். வெறுந்தரையில போடாதீங்க, சாக்கு விரிச்சு மேல பழைய வேட்டியை மடிச்சுப் போடுங்க. பத்துப் பதினாலு நாளைக்குக் கழுத்துக் கூம்பைக் கழட்டக் கூடாது. பாவமா முழிக்கும், இரங்கிடாதீங்க; ஒரே ராத்திரியில தையலை நக்கிப் பிரிச்சிடும். நம்ம வீட்டுப் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்னுடும்.

பள்ளத்தூர் (மறுபடி): ஆண் பூனைக்கு முடிஞ்சா அன்னைக்கே வெளிய விடலாமா?

வேண்டாம். ஒரு மாசத்துக்கு மேலகூட அதால சினைப்படுத்த முடியும்.