7,800 கி.மீ.க்கு 13 மணி நேரமா?

கேள்வி: ஹெல்சிங்கியில் படிக்கும் என் மகள் டோக்கியோ போகிறாள். இணையத்தில் தேடினால் தூரம் 7,800 கி.மீ. என்கிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் ஒன்பது மணி நேரத்தில் இறங்கிவிடலாம். டிக்கெட்டில் 13 மணி நேரம் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போய்க் காசு பிடுங்குகிறார்களா?
– கரூர் வாசகர் ஒருவர்

பதில்: வகுத்தலில் தவறில்லை. 2022 பிப்ரவரிக்கு முன்பு பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானம் ஹெல்சிங்கியிலிருந்து ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த 7,800 கி.மீ. கோட்டை உலக உருண்டையில் விரலால் தடவிப் பாருங்கள். பின்லாந்து எல்லையைத் தாண்டியதும் ரஷ்யா ஆரம்பிக்கும். ஜப்பானை நெருங்கும்வரை அநேகமாக விடாது. உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. உங்கள் மகள் போகும் வழி அடைபட்டது அப்போதுதான்.

இப்போது இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கிக் காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா வழியாகப் போவது. மற்றொன்று, வடதுருவத்தின் மேலேறி அலாஸ்காவை ஒட்டி வந்து பசிபிக்கில் இறங்குவது. அன்றைய காற்றையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். துருவ வழியில் பறக்கும் தூரம் 12,000 கி.மீ.யைத் தாண்டிவிடும். நடுவில் எங்காவது பனிப்பாலையில் இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று குளிர் தாங்கும் உடைகளையும் விமானத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் தருகிறார்கள். உங்கள் மகளுக்குக் கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காசு பிடுங்குவதாகச் சொல்கிறீர்களே, சுற்றிப் போனால் மீட்டர் ஏறுவது ஆட்டோவுக்குத்தான். இங்கே கூடுதல் எரிபொருள் எரிவது அவர்கள் செலவில்; அதைச் சுமக்கச் சரக்கைக் குறைக்க வேண்டும், பைலட்டுகளும் கூடுதலாக வேண்டும். ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்கள் ஊர்தான் என்று சொல்லியே வளர்ந்த நிறுவனம் ஃபின்ஏர். அந்தக் குறுக்கு வழியே போன பிறகு அவர்களுக்கு என்ன கொண்டாட்டம்? கட்டணம் ஏறவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்றிவிட்ட கை வேறு.

இது புதுக்கதையும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சைபீரிய வானம் பெரும்பாலும் மூடியே கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போன விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பின. அந்த விமான நிலையத்தில் ஜப்பானியர்களுக்காகவே ஊடோன் நூடுல்ஸ் கடை நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1983இல் இதே ஃபின்ஏர், டிசி-10 விமானத்தில் துருவம் சுற்றி, இறங்காமல் டோக்கியோ போகத் தொடங்கியது. அதற்கு ஆன நேரமும் சுமார் 13 மணிதான்! இடையில் இயந்திரம் எவ்வளவோ முன்னேறியும் பயண நேரம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

சீன நிறுவனங்களுக்கு ரஷ்யா இன்னும் வழி விடுகிறது; ஐரோப்பிய நிறுவனங்களின் புலம்பலே அதுதான். நம் பக்கமும் பாருங்கள்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வானத்தை மூடியதும் டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் நம் விமானங்கள் அரபிக் கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, அடுத்த முறை இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டுத் தூரம் தேடாதீர்கள். விமான எண்ணைப் போடுங்கள். நேற்று அது எந்தத் தடத்தில் போய், எத்தனை மணிக்கு இறங்கியது என்று வந்துவிடும். அப்புறம், தரையிறங்கும் நேரம் டோக்கியோ நேரப்படி இருக்கும். ஹெல்சிங்கியைவிடக் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் முன்னால். அதைக் கழிக்காமல் 19 மணி நேரம் என்று இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.