அப்பா ஏன் விதையை மாற்றவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர். சமீப வருடங்களில் இரண்டு தடவை கார்த்திகை அடைமழையில் பயிர் முங்கி அழுகிவிட்டது. வெள்ளம் தாங்கும் நெல் இருக்கிறது, வடிகால் வெட்டலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "பார்ப்போம்" என்பதோடு சரி. இந்த வருடமும் அதே 120 நாள் விதை. பட்டும் ஏன் மாறமாட்டேன் என்கிறார்கள்? அறியாமையா, விதி என்று விட்டுவிடுவதா?

– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டும் இல்லை. உங்கள் அப்பா கணக்குப் பார்த்துத்தான் விதைத்திருக்கிறார்.

நீங்கள் சொல்லும் விதை சி.ஆர். 1009 சப்-1 ஆக இருக்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த குணம் அதில் சேர்ந்திருக்கிறது. வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரை முங்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் தழைத்துக்கொள்ளும். நல்ல விதைதான். ஆனால் வயது 150 நாளுக்கு மேல். புரட்டாசியில் விதைத்தால் மாசியில்தான் அறுப்பு. தை பாதிக்கு மேல் உங்கள் கண்மாயில் தண்ணீர் கிடக்குமா? மேட்டூரை நம்பும் தஞ்சாவூர்க்காரருக்குச் சரிப்படுவது வானத்தை மட்டும் நம்பும் நம் பக்கத்துக்கு அப்படியே சரிப்படாது. வெள்ளம் எப்போதோ ஒரு வருடம் வருகிறது, கடைசித் தண்ணீர் கிடைக்காமல் கதிர் வெளிவருமுன் பொதிப் பருவத்திலேயே பயிர் காய்வதோ அடிக்கடி நடக்கிறது. அவர் எதற்கு அதிகம் பயப்படுவார்? தவிர, 2021 ஜனவரியில் பெய்ததுபோல அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிட்டால் இந்த விதையும் காப்பாற்றாது.

வடிகால் இன்னும் சிக்கல். அது அவர் ஒருவர் எடுக்கும் முடிவே இல்லை. ஐப்பசியில் கண்மாயின் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கம் போய்ப் பாருங்கள். நட்டுவைத்த கற்களுக்கு இடையே பலகை வைத்து, வைக்கோலும் களிமண்ணும் அப்பி, மேலே மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். ஓரடி தண்ணீர் கூடுதலாக நின்றால் கடைசி நனைப்புக்கு ஆகும் என்ற ஆசை. ராத்திரி பெருமழை பிடித்துக்கொண்டால் மூட்டையை யார் எடுப்பது? எடுத்தால் கீழ் ஊர் வயல் முங்கும், எடுக்காவிட்டால் கண்மாய்க்குள்ளே உள்வாயில் உழுதவர் பயிர் முங்கும், கரையே உடைந்தாலும் உடையும். முன்பு இதற்கெல்லாம் தண்ணீரைத் திறந்து அடைக்க நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார், ஊர் அவருக்கு நெல் அளந்தது. அந்த ஏற்பாடு விட்டுப்போன ஊரில் ஒரு தனி சம்சாரி எந்த ஓடையில் கொண்டுபோய்த் தன் வடிகாலை விடுவார்?

அப்புறம், மூன்று ஏக்கரும் உங்கள் பட்டாதானா? விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவர் அடுத்த வருடம் கையில் இருக்குமோ இல்லையோ என்ற நிலத்தில் கைக்காசு போட்டு வரப்பை உயர்த்தமாட்டார்.

நட்டம் வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. பேரிடர் நிவாரணம், 2022-26 மத்திய விதிப்படி, பாசன வயலில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்தான். அது ஏக்கருக்கு 7,000கூட வராது. பயிர்க் காப்பீட்டிலோ, தனி வயல் முங்கினால் இழப்பீடு என்ற வசதியிலிருந்து நெல்லை 2018இல் எடுத்துவிட்டார்கள். ஊர் முழுக்க மகசூல் விழுந்தால்தான் பணம், உங்கள் பள்ளம் மட்டும் முங்கினால் ஒன்றும் இல்லை என்று ஆனது. இது பெரிய அநியாயம். 2026 காரிஃப் (ஜூனில் தொடங்கும்) பருவத்திலிருந்து மீண்டும் சேர்ப்பதாக 2025இல் அறிவித்தார்கள்.

ஒடிசாவில் இதே குணமுள்ள ஸ்வர்ணா சப்-1 விதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் பரப்பைக் கூட்டினார்கள், உரத்தைக் கூடுதலாகப் போட்டார்கள், நடவுக்கு மாறினார்கள். வெள்ளம் வராத வருடத்திலும் விளைச்சல் ஏறியது. பயம் குறைந்ததும் கை தாராளமானது. அங்கே பள்ளத்து நிலம் அதிகம் தலித் விவசாயிகளிடம் இருந்ததால் பலனும் அவர்களுக்கே கூடுதலாகப் போனது. உங்கள் ஊரில் பள்ளம் யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அப்பாவிடம் மூன்று ஏக்கரையும் மாற்றச் சொல்லாதீர்கள். மடைக்கு அடுத்து, முதலில் முங்கி கடைசியில் காயும் பள்ளத்தில் அரை ஏக்கர் மட்டும் கேளுங்கள். ஈரம் நெடுநாள் நிற்கும் இடத்தில் நீண்ட வயது நெல் தாக்குப்பிடிக்கும். விதைக் காசும், நட்டம் வந்தால் அதுவும் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். ஆடியிலேயே வேளாண் விரிவாக்க மையத்தில் விதைக்குச் சொல்லி வையுங்கள். காப்பீட்டுக்கு அடங்கல் (வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று) வாங்குவதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். கலுங்கு மூட்டையை எப்போது, யார் எடுப்பது என்று மழைக்கு முன்பே கீழ் ஊர்க்காரர்களையும் வைத்துப் பேசி முடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் லீவு போட்டு வாருங்கள்.